மாடியறையைப் பெருக்கிய ஞாயிற்றுக்கிழமை

பினாங்கு லிட்டில் இந்தியாவில் எங்கள் அப்பா தொடங்கிய மளிகைக்கடையை இப்போது அண்ணன் நடத்துகிறார். கீழே கடை, மேலே சரக்கு வைக்கும் மாடியறை. ஓடு வேய்ந்த பழைய கட்டடம், முன்னால் அஞ்சடி நடைபாதை, பின்னால் லோங்காங் என்று நாங்கள் சொல்லும் சாக்கடைக் கால்வாய். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது பூட்டிய அந்த மாடியறையை, வியாபாரம் சுருங்கிப்போனதால் பிறகு நாங்கள் திறக்கவே இல்லை. 2022 தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தபோது, அக்டோபர் 2ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, அதைச் சுத்தம் செய்துவிடலாம் என்று அண்ணன் அழைத்தார். பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி நானும் போனேன்.

கதவைத் திறந்ததுமே எலி மூத்திரத்தின் நெடி மூக்கில் ஏறியது. மல்லிச் சாக்கு ஒன்றின் மூலை கொறிக்கப்பட்டு, விதைகள் பலகைத் தரையில் சிதறிக் கிடந்தன. சுவரோரம் நெடுக எலிப் புழுக்கை. பெரும்பாலானவை சாம்பல் பூத்து, கால் பட்டாலே பொடியாகும் அளவுக்குக் காய்ந்திருந்தன. ஆனால் சன்னலுக்குக் கீழே கிடந்த சில புழுக்கைகள் கறுத்து மினுமினுத்தன. அவை அந்த வாரத்தில் விழுந்தவை என்பதும், எலிகள் இன்னும் அங்கேதான் குடியிருக்கின்றன என்பதும் பார்த்த உடனே எங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். அண்ணன் ஈர்க்குத் துடைப்பத்தை எடுத்துப் பெருக்கத் தொடங்கினார். சன்னல் பலகைகளின் இடுக்கில் விழுந்த வெயில் கோட்டில் தூசி சுழன்று சுழன்று எழும்பியதும், புழுக்கம் தாங்காமல் கீழேயிருந்து மின்விசிறியைத் தூக்கி வந்து போட்டவள் நான்தான் என்பதும் இன்றைக்கும் என் கண்ணை விட்டு அகலவில்லை. முகக்கவசம் இருவரிடமும் இருந்தது. என்னுடையது மூக்கின் மேல் இருந்தது. அண்ணனுடையது வேர்வைக்காகத் தாடைக்குக் கீழே இறக்கப்பட்டிருந்தது. அலமாரியின் மேலிருந்து அப்பாவின் பழைய பேரேட்டை எடுத்த அவர், அட்டையில் அப்பிக் கிடந்ததை வாயால் ஒருமுறை பலமாக ஊதிவிட்டு, “அப்பா கையெழுத்தப் பாரும்மா” என்று என்னிடம் நீட்டினார்.

பதினாறு நாள் கழித்து, அக்டோபர் 18ஆம் தேதி, அவருக்குக் காய்ச்சல் கண்டது. குளிரில் பல் கிட்டியது. தலைவலியோடு, இடுப்புக்குச் சற்று மேலே முதுகின் இரு பக்கமும் குடைந்தெடுக்கும் வலி. பக்கத்துக் கிளினிக்கில் டிங்கிப் பரிசோதனை செய்தார்கள். இல்லை என்று வந்தது. காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்து, இரண்டு நாள் கழித்து மீண்டும் இரத்தம் பார்க்க வரச் சொன்னார்கள். முதுகுவலி அடங்காததால் அண்ணன் மருந்துக்கடையில் வலிமாத்திரை வாங்கி, யாரிடமும் சொல்லாமல் வேளைக்கு இரண்டாக விழுங்கிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருந்த சிறுநீரகத்துக்கு அந்த வகை வலிமாத்திரை கூடுதல் சுமை என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. மலேசியாவில் காய்ச்சல் என்றால் முதலில் டிங்கியை நினைப்பதில் தவறே இல்லை என்பதால் அந்தக் கிளினிக்கை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மாடியறையைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. நான்காம் நாள் கண் இரண்டும் சிவந்து, வாந்தி நிற்காமல், காலையிலிருந்து சிறுநீரே போகவில்லை என்று அண்ணி தொலைபேசியில் அழுதபோதுதான் அரசாங்க மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்.

அங்கே இருந்த இளம் மலாய் மருத்துவர் அறிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இரத்தத் தட்டணுக்கள் 62,000க்கு இறங்கியிருந்தன, சிறுநீரில் புரதம் மிக அதிகமாக இருந்தது, சிறுநீரகம் வடித்து வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் ஏறிக்கொண்டிருந்தது. காகிதத்திலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்து, “கக், டி கெடாய் ஆடா திக்குஸ் தாக்?” என்று கேட்டார். கடையில் எலி உண்டா என்ற அந்த ஒரு கேள்விதான் எல்லாவற்றையும் திருப்பியது. ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நான் சொல்லச் சொல்ல, அவர் தேதியைக் குறித்துக்கொண்டு விரல் விட்டு நாள்களை எண்ணினார். பிறகு பரிசோதனைப் படிவத்தில் இரண்டு பெயர்களை எழுதினார். ஒன்று லெப்டோஸ்பைரோசிஸ், மற்றது ஹண்டா வைரஸ்.

முதலாவதை நம் நாட்டில் எல்லாரும் அறிவார்கள். ‘கென்சிங் திக்குஸ்’, அதாவது எலி மூத்திரம், என்று பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். அது பாக்டீரியாவால் வருவது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலும் சேற்றிலும் இருந்து, காலில் உள்ள சிராய்ப்பு வழியாகவோ கண், வாய் வழியாகவோ உடலுக்குள் போகும். அதனால்தான் வெள்ளத்தில் நடக்காதே, அருவியில் காயத்தோடு குளிக்காதே, பானத் தகர டின்னைத் துடைக்காமல் வாயில் வைக்காதே என்றெல்லாம் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அந்தப் பாடம் சரியானது. ஆனால் அதனாலேயே எலியின் ஈரத்துக்கு மட்டும் பயப்படவும், காய்ந்து போனதைக் குப்பையாக மட்டும் பார்க்கவும் நாம் பழகிவிட்டோம். ஹண்டா வைரஸ் தொற்றுவதற்கு ஈரம் தேவையில்லை. எலியின் சிறுநீர், புழுக்கை, எச்சில், கூடு ஆகியவை காய்ந்து, அவற்றைக் கலைக்கும்போது எழும் நுண்ணிய தூசியை மூச்சில் இழுப்பதே அது மனிதனுக்குள் போகும் முக்கிய வழி. கடியாலும் வரலாம், அது அரிது. எங்கள் துடைப்பமும் மின்விசிறியும், அண்ணன் பேரேட்டை ஊதியதும் அந்த வழியை எவ்வளவு அகலமாகத் திறந்துவிட்டன என்பதை மருத்துவர் விளக்கியபோது எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை.

அந்தப் பெயரை நான் அதற்கு முன் கேட்டதில்லை. வார்டுக்கு வெளியே நாற்காலியில் கழித்த இரவுகளில் தேடித் தேடிப் படித்தேன். 1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போரில், ஐக்கிய நாடுகள் படையினர் 3,000க்கும் மேற்பட்டோருக்குக் காய்ச்சலும் இரத்தக்கசிவும் சிறுநீரகச் செயலிழப்பும் வந்தன. காரணம் தெரியாமல் உலகம் கால் நூற்றாண்டு காத்திருந்தது. 1976இல் ஹோ வாங் லீ என்ற கொரிய விஞ்ஞானி, முதுகில் கறுப்புக் கோடு உள்ள வயல் எலியின் நுரையீரலில் அந்த வைரஸைக் கண்டுபிடித்தார். அந்த எலிகள் பிடிபட்ட வட்டாரத்தில் ஓடும் ஹண்டான் ஆற்றின் பெயரே வைரஸுக்கும், பிறகு அந்தக் குடும்பம் முழுமைக்கும் வந்தது. அதே விஞ்ஞானியின் குழுதான் பின்னர் சியோல் நகரத்து எலிகளிடமும் ஓர் உறவு வைரஸைக் கண்டது. வயலில் இருந்த நோய் நகரத்துக்குள்ளும் உண்டு என்பதைச் சொன்ன கண்டுபிடிப்பு அது.

நம்மைப் போன்ற துறைமுக நகரத்தார் கவனிக்க வேண்டியது இந்தச் சியோல் வைரஸைத்தான். ஹண்டா வைரஸ் ஒவ்வொன்றும் பொதுவாகத் தனக்கென்று ஒரு விலங்கினத்தைப் பிடித்துக்கொண்டு வாழும். அந்த விலங்குக்கு நோய் வராது, ஆனால் ஆயுள் முழுதும் வைரஸை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். ஹண்டான் வைரஸின் வயல் எலி கப்பல் ஏறவில்லை. சியோல் வைரஸின் பழுப்பு எலியோ சரக்குக் கப்பல்களோடு உலகத்தின் எல்லாத் துறைமுகங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. நம் கால்வாய்களில் ஓடும் பருத்த எலி அதுதான். மலேசியாவிலும் மனிதர்களின் இரத்தத்தில் ஹண்டா வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இருந்ததை ஆய்வாளர்கள் முன்பே பதிவு செய்திருக்கிறார்கள். பக்கத்தில் தாய்லாந்தில் பெருச்சாளியிடம் இந்தக் குடும்பத்தின் இன்னொரு வைரஸ் உண்டு.

தமிழர்களாகிய நமக்கு இந்த வரலாற்றில் ஓர் இடம் இருக்கிறது என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். 1964இல் வேலூரில் தோட்டப்பாளையம் என்ற பகுதியில் பிடிபட்ட ஒரு மூஞ்சூறிடமிருந்து ஒரு வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது. பல ஆண்டுகள் கழித்தே அது ஹண்டா குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தது. கணக்குப் பார்த்தால் கொரியாவில் கண்டதற்கும் முந்தியது அது. இன்றும் அது தோட்டப்பாளையம் வைரஸ் என்றே உலகெங்கும் அழைக்கப்படுகிறது. பிள்ளையாரின் வாகனம் என்று நாம் அடிக்காமல் விடும் மூஞ்சூறு, உயிரியலில் எலி இனமே அல்ல. அந்த வைரஸ் மனிதருக்குப் பெரிய நோய் தருவதாகவும் அறியப்படவில்லை. ஆனாலும் மூஞ்சூறின் எச்சத்தையும் அதே கவனத்தோடுதான் இப்போது நான் துடைக்கிறேன்.

இந்த வைரஸ் இரத்த நுண்குழாய்களின் உட்சுவரைப் பிடிக்கிறது. அதை எதிர்த்து நம் உடல் நடத்தும் போரில் குழாய்கள் கசியத் தொடங்குகின்றன. ஆசியா, ஐரோப்பா வகைகளில் அடி பெரும்பாலும் சிறுநீரகத்தில் விழுகிறது; அமெரிக்கக் கண்டங்களின் வகைகளில் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டுகிறது. 1993இல் அமெரிக்காவின் தென்மேற்கில் நவஹோ பழங்குடி மக்களிடையே நல்ல திடகாத்திரமான இளைஞர்கள் திடீரென்று மூச்சுத் திணறி இறந்தபோது கண்டறியப்பட்டது இந்த இரண்டாம் வகை. அங்கே மழை கூடுதலாகப் பெய்து காட்டு விதைகள் பெருகி, அவற்றைத் தின்று மான் எலிகளும் பெருகியிருந்தன. தங்கள் ஊரின் பெயரை நோய்க்கு வைப்பதை மக்கள் எதிர்த்ததால், ‘பெயரில்லாதது’ என்று பொருள்படும் ‘சின் நோம்ப்ரே’ என்ற ஸ்பானியப் பெயரே அந்த வைரஸுக்கு நிலைத்தது. அந்த வகை பிடித்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இறக்கிறார்கள். ஹண்டான் வகையில் நூற்றுக்கு 5 முதல் 15 பேர். சியோல் வகையில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. இந்தக் கடைசி எண்ணைப் படித்த இரவில்தான் நான் கொஞ்சம் தூங்கினேன்.

மருத்துவர் முதல் நாளே ஆன்டிபயாடிக் ஊசியைத் தொடங்கிவிட்டார். வைரஸுக்கு அது வேலை செய்யாது என்று அவருக்குத் தெரியும். ஆனால் லெப்டோவாக இருந்தால் பரிசோதனை முடிவுக்குக் காத்திருப்பது ஆபத்து என்றார். அந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். ஹண்டாவுக்கென்று நம்பிக்கையோடு கொடுக்கும் தனி மருந்து இல்லை. மிக ஆரம்பத்திலேயே தொடங்கினால் சிறுநீரக வகையில் ரிபாவிரின் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து ஓரளவு உதவக்கூடும். நாங்கள் போன நேரத்துக்கு அதன் வேளை கடந்திருந்தது. மீதியெல்லாம் கவனிப்புதான். குழாய்கள் கசிகிற உடலில் நீர் கூடினால் நுரையீரலில் தேங்கும், குறைந்தால் இரத்த அழுத்தம் விழும். எனவே உள்ளே போகும் ஒவ்வொரு மில்லிலிட்டரும் வெளியே வரும் ஒவ்வொரு மில்லிலிட்டரும் எழுதப்பட்டன. கட்டிலின் பக்கத்தில் தொங்கிய சிறுநீர்ப் பையில் ஒரு நாள் முழுக்கச் சேர்ந்தது 120 மில்லிலிட்டர். கட்டஞ்சாயா நிறம். தீபாவளியன்று விடியற்காலை அண்ணனை டயாலிசிஸுக்கு எடுத்துப்போனார்கள். இரண்டு நாள் கழித்து இன்னொரு முறை. அண்ணி வீட்டிலிருந்து கொண்டுவந்த முறுக்கு டப்பாவைப் பிரிக்காமலே தாதியரிடம் கொடுத்துவிட்டோம்.

பிறகு ஒருநாள் பை நிறையத் தொடங்கியது. நாளுக்கு ஒரு லிட்டர், இரண்டு லிட்டர், ஐந்து லிட்டர் என்று ஏறியபோது நாங்கள் சந்தோஷப்பட்டோம்; மருத்துவர்தான் இன்னும் கண்டிப்பானார். இந்த நோய் காய்ச்சல், அழுத்தம் விழுதல், சிறுநீர் குறைதல், சிறுநீர் பெருகுதல், தேறுதல் என்று ஐந்து படிகளில் போவது வழக்கம் என்றும், நான்காம் படியில் நீரும் உப்புச் சத்துகளும் ஒரேயடியாக வெளியேறினால் அங்கேயும் சறுக்கலாம் என்றும் எச்சரித்தார். நவம்பர் முதல் வாரத்தில் அண்ணன் வீடு திரும்பினார். மாடிப்படியை ஒரே மூச்சில் ஏற அவருக்கு மூன்று மாதம் பிடித்தது.

லெப்டோ இரண்டு மாதிரிகளிலும் இல்லை என்று வந்தது. ஹண்டா எதிர்ப்பொருள் இருந்தது; இரண்டாம் மாதிரியில் அளவு ஏறியும் இருந்தது. இந்தக் குடும்பத்து வைரஸ்களின் எதிர்ப்பொருள்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் அந்தச் சோதனை மட்டும் இன்ன வகை என்று பிரித்துக் காட்டாது. நகரத்து எலி என்பதால் சியோல் வகையாகக் கருதலாம் என்றார் மருத்துவர். என் இரத்தத்தையும் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. முகக்கவசத்தை மூக்கிலிருந்து இறக்காததும், நான் சன்னலோரமே நின்றதும் உதவியிருக்கலாம்.

அதன்பின் மாடியறையை இரண்டாம் முறை சுத்தம் செய்தோம். இதை நான் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பூட்டிக் கிடந்த வீடு, கோயில் மடப்பள்ளியின் பரண், தோட்டத்துக் கொட்டகை என்று யாராவது ஒருவர் இந்த வாரமே எதையாவது திறக்கப்போகிறீர்கள். முதலில் எலிகளை ஒழித்தோம். எலி நடமாடும் இடத்தைக் கழுவுவதால் பயனில்லை. ஆறு மில்லிமீட்டர் ஓட்டை சுண்டெலிக்குப் போதும், பன்னிரண்டு மில்லிமீட்டர் பெரிய எலிக்குப் போதும் என்பதால், பென்சில் நுழையும் இடமெல்லாம் இரும்பு நார் திணித்துச் சிமெண்டு பூசினோம். ஒரு வாரம் பொறி வைத்து, எதுவும் விழவில்லை என்று உறுதியான பிறகு, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, அரை மணி நேரம் யாரும் உள்ளே நிற்காமல் கீழே வந்துவிட்டோம். மின்விசிறி போடவில்லை.

பிறகு ரப்பர் கையுறையும், எச்சம் அவ்வளவு அதிகமாக இருந்ததால் சாதாரண முகக்கவசத்துக்குப் பதில் என்95 கவசமும் அணிந்தோம். நாம் குளோரோக்ஸ் என்று சொல்லும் வெளுப்பு நீரில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் என்று அன்றன்றைக்குக் கலந்து, புழுக்கையும் கூடும் சொட்டச் சொட்ட நனையும்படி மெதுவாகத் தெளித்தோம். வேகமாகப் பீய்ச்சினால் அதுவே தூசியைக் கிளப்பும். ஐந்து நிமிடம் ஊறவிட்டுக் காகிதத் துண்டால் வழித்தெடுத்து, பையில் போட்டுக் கட்டி, அதை இன்னொரு பையில் போட்டுக் கட்டினோம். இந்த வைரஸைச் சுற்றி ஒரு கொழுப்புறை இருப்பதால் வெளுப்பு நீரும் சவர்க்காரமும் அதை எளிதில் அழித்துவிடும். வெளுப்பு நீரோடு வேறு கழுவும் திரவம் எதையும், முக்கியமாக அமிலமோ அமோனியாவோ உள்ளதை, கலக்கவே கூடாது, நச்சுப்புகை எழும். எல்லாம் முடிந்தபின் தரையைத் துடைத்து, கையுறையோடே கையைக் கழுவி, பிறகு அதைக் கழற்றி, மீண்டும் சவர்க்காரம் போட்டுக் கழுவினோம். துடைப்பமும் தூசி உறிஞ்சும் வேக்கூமும் அறைக்குள் வரவேயில்லை. கொறிபட்ட சாக்குகளை எறிய அண்ணி தயங்கினார். மல்லி மட்டும் இருநூறு ரிங்கிட்டுக்கு மேல் பெறும். எறிந்தோம்.

கடைக்கு வரும் பழைய வாடிக்கையாளர்கள் சிலர் அண்ணனைப் பார்த்து ஓரடி விலகி நின்றது எங்களுக்கு வலித்தது. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவதாக உறுதியானது தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் வகை மட்டுமே. அர்ஜென்டினாவின் எப்புயேன் ஊரில் 2018-19இல் 34 பேருக்கு அது பரவி 11 பேர் இறந்தார்கள். நம் பக்கத்து வகைகளில் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். இன்னொன்றும் கேட்டார்கள், வீட்டில் வளர்க்கும் எலிகளைப் பற்றி. 2017இல் அமெரிக்காவில் வளர்ப்பு எலிகள் வழியாகப் பல மாநிலங்களில் மனிதர்களுக்குச் சியோல் வைரஸ் தொற்றியது உண்டு. எனவே கூண்டைச் சுத்தம் செய்யும்போதும் முதலில் ஈரம், பிறகு துடைப்பு.

காய்ச்சலோடு கிளினிக்குக்குப் போகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதைத்தான்: எலி எச்சம் கலைந்த இடத்தில் வேலை செய்திருந்தால், அது முந்தின வாரமாக இருந்தாலும் எட்டு வாரம் முந்தியதாக இருந்தாலும், மருத்துவர் கேட்கும்வரை காத்திருக்காமல் இடத்தையும் தேதியையும் நீங்களே சொல்லுங்கள். டிங்கி இல்லை என்று வந்தும் தட்டணு குறைந்து, முதுகு வலித்து, சிறுநீர் குறைந்தால், சிறுநீரையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். வலிமாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

அப்பாவின் பேரேட்டை என்ன செய்வது என்பதுதான் கடைசிவரை பாக்கி நின்றது. வெளுப்பு நீர் பட்டால் மை கரைந்துவிடும். வைரஸுக்கு வெயில் ஆகாது என்பதால், கையுறை போட்டு அதைப் பின்கட்டு மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், ஒரு முழுப் பகல் பக்கம் பக்கமாகத் திருப்பி வைத்தேன். அண்ணன் நாற்காலி போட்டு, காற்று வரும் பக்கமாக, பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தார். மாலையில் ஈரத்துணியால் அட்டையைத் துடைத்து அவர் கையில் கொடுத்தேன். 1974 சித்திரை முதல் தேதி வரவு என்று அப்பா எழுதியிருந்த வரியை அவர் விரலால் தொட்டுப் படித்தார்.